எர்னா பழுக்க வைத்த பால்கட்டி

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. ஹீற்றருக்குப் பக்கத்தில் அந்தக் கதிரையை இழுத்துப் போடுங்கள். கால் குளிர்ந்து கிடந்தால் கதை காதில் ஏறாது. இன்றைக்கு ஒரு சாப்பாட்டுக் கதை சொல்லப் போகிறேன். வாயூறும் என்று நினைக்காதீர்கள். இது மூக்கைப் பொத்த வைக்கிற சாப்பாடு. முடியும்போது நெஞ்சையும் கொஞ்சம் பிசையும். ஆனால் பாதியில் விட்டுவிட்டு எழும்ப மாட்டேன், அது என் வாக்கு.

இந்தக் கங்காரு தேசத்தில், டண்டினோங்கில், யோகராணி என்று ஒருத்தி இருக்கிறாள். வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, துடைத்து, குளிக்க வார்த்துவிட்டு வருகிற வேலை. புருஷன் சிறி கோடவுனில் பெட்டி தூக்கி முதுகு பிடித்து அந்தக் குளிர்காலம் முழுக்கச் சோபாவில் சரிந்து கிடந்தான். வீட்டில் உலை கொதிப்பது அவளுடைய கையில்தான் இருந்தது. அந்த வேலையிலும் ஒரு கீறல் விழுந்திருந்தது. முந்தின வருடம் ஒரு தாத்தாவின் கிழிந்த செருப்பைக் கேட்காமல் குப்பையில் போட்டுவிட்டாள். அது அவருடைய செத்துப்போன மனைவி வாங்கிக் கொடுத்த செருப்பாம். வேலைக் கந்தோரில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: ஆட்களின் பொருளைக் கேட்காமல் எறியக்கூடாது, இன்னொரு முறை நடந்தால் வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

அவள் போகிற வீடுகளில் அவளுக்குப் பிடித்தது த பேசின் என்கிற ஊரில், பிள்ளையார் கோயிலுக்கு இரண்டு வீதி இந்தப் பக்கம் இருந்த எர்னாவின் வீடு. எர்னாவுக்கு எண்பத்தெட்டு வயது. முழங்கால் ஏலாது, கண் பாதி, வாய் மட்டும் முழுசு. அவளுடைய பூட்டன் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, இந்த நாட்டு விம்மரா பக்கம் கோதுமைக் காணி வெட்டியவர். பிறகு மூன்று தலைமுறையாய் அந்தக் காணியிலேயே விதைத்து, ஜெபித்து, ஜெர்மன் பேசி, ஜெர்மன் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள்.

யோகராணி வெங்காயம் வெட்ட, எர்னா கதிரையில் இருந்து அந்தச் சாப்பாடுகளைச் சொல்லுவாள். சனிக்கிழமைகளில் விறகடுப்பில் சுட்ட, மேலே சீனியும் வெண்ணெயும் மாவுமாய் உதிர்த்துத் தூவிய கேக். முந்திரிகை, அதுதான் திராட்சைச் சாற்றில் சவ்வரிசி காய்ச்சி ஆறவிட்ட சிவப்புக் களி. மாவை உருட்டி, நறுக்கி, படுக்கைகளின் மேல் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்த நூடில்ஸ். அது காயும்வரை பிள்ளைகளுக்குப் பகல் படுக்கை கிடையாது. எங்கள் வடகம் மாதிரித்தான் என்று யோகராணி சொல்ல, வடகம் என்றால் என்ன என்று எர்னா கேட்க, அரை மணித்தியாலம் போய்விடும்.

பன்றி அடிக்கிற நாளின் கதைதான் யோகராணிக்குப் பெரும்பாடு. அவள் மச்சமே தொடாத சைவக்காரி. குளிர்காலத்து விடியலில் அயல் காணிக்காரர் எல்லாம் கூடுவார்களாம். இரத்தத்தை வாளியில் ஏந்தி, கட்டிபடாமல் கையால் கலக்குவது வீட்டின் சின்னப் பிள்ளையின் வேலையாம். அந்தச் சின்னப் பிள்ளை எர்னா. யோகராணி "சிவ சிவா" என்று கத்தியைக் கீழே வைத்துவிடுவாள். "நீ இப்பிடி முகத்தை வைச்சால் நான் குடல் கழுவின கதையைச் சொல்லமாட்டன்" என்று எர்னா சொல்லுவாள். சொல்லிவிட்டு, குடல் கழுவின கதையையும் சொல்லுவாள். அவள் பேசியது ஆங்கிலம், நான் அதை எங்கள் வாய்க்கு வருகிறபடி சொல்லுகிறேன்.

ஜெர்மனியோடு யுத்தம் நடந்த காலத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். ஜெர்மன்காரர் என்று சிறிய தகப்பனைச் சிறைமுகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளை எதிரி என்றார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் இருந்தார்கள். அதனால் தாய் கட்டிக்கொடுத்த ரொட்டியைப் பற்றைக்குள் எறிந்துவிட்டு, பசியோடு வீட்டுக்குப் போய், சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாளாம். அந்த ரொட்டிக்குள் அப்படி என்ன இருந்தது என்று யோகராணி கேட்டாள். "ஒருநாள் காட்டுறன்" என்று எர்னா பேச்சை மாற்றிவிட்டாள்.

எர்னாவுக்கு ஒரே மகன், கிறெக். ஜீலோங்கில் இருக்கிறான், அவனுக்கே பேரப்பிள்ளைகள் உண்டு. கெட்டவன் அல்ல; தாய் தனியே விழுந்து கிடப்பாளோ என்று இரவு நித்திரை கொள்ளாத பிள்ளை. ஒருமுறை குளிர்பெட்டியில் பூசணம் பிடித்த கோழியைக் கண்டுவிட்டு, யோகராணியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னான்: இன்னொரு முறை அம்மா கெட்டுப்போன சாமானை வைத்திருந்தால் எனக்குச் சொல்லவேண்டும், அதோடு முதியோர் இல்லத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். எர்னாவுக்கு முன்னால் அந்த இல்லத்தின் பெயரையே எடுக்கக்கூடாது.

இப்படி இருக்கையில், இங்கே கடுங்குளிர் அடிக்கிற ஜூலை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் கோயிலுக்குப் போகவேண்டும் என்று யோகராணி விடிய எழும்பித் தலைக்கு முழுகிவிட்டு வந்திருந்தாள். எர்னா குளிர் என்று படுக்கையில் கிடந்தாள். உடுப்புத் தோய்க்கும் அறைக்குள் போனால் ஒரு நாற்றம். எலி செத்திருக்கிறதோ என்று மணந்து மணந்து போய், சுடுதண்ணீர்த் தாங்கி நிற்கிற அலமாரியைத் திறந்தாள். உள்ளே துணி மூடிய ஒரு பெரிய மண்ணிறக் கோப்பை. துணியைத் தூக்கினால், பால் திரைந்த கட்டிகள், பழுப்பு மஞ்சளாய், ஓரமெல்லாம் பசை மாதிரி மினுங்கிக்கொண்டு. நாற்றம் மூளைவரை ஏறியது.

யோகராணி என்ன நினைத்திருப்பாள்? எங்களில் யார் என்றாலும் அதைத்தான் நினைப்போம். மனிசி பாலை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துபோனாள். கிறெக் எந்த நேரமும் வந்து நிற்பான். அவன் மூக்கில் இது பட்டால் எர்னாவின் கதை முடிந்தது. கோழிக்குப் பிறகு இது.

அவள் எர்னாவை எழுப்பவில்லை. எழுப்பிக் காட்டினால் மனிசி வெட்கப்படும், பயப்படும். இரண்டு பையில் இறுக்கிக் கட்டி வெளியே குப்பைத் தொட்டியில் போட்டாள். அன்றைக்குக் குப்பை லொறி வருகிற நாள், வந்து கொண்டுபோய்விட்டது. கோப்பையை வெளுப்புத்திரவம் விட்டு ஊறவைத்து, தேய்த்து, துடைத்து, குசினியில் அதன் வழமையான தட்டில் கவிழ்த்து வைத்தாள். ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். ஒரு உயிரைக் காப்பாற்றிய நிம்மதியோடு கோயிலுக்குப் போய், எர்னாவின் பெயருக்கும் ஒரு கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டாள்.

திங்கட்கிழமை வந்தபோது எர்னா உடுப்புத் தோய்க்கும் அறையில், நடைவண்டியைப் பிடித்தபடி, அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சனிக்கிழமையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாளாம்.

"யோகா, இதுக்குள்ளை நான் ஒரு கோப்பை வைச்சனான். பாத்தனியே?"

யோகராணி வாய் திறக்குமுன் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள். அதுதான் அந்த ரொட்டிக்குள் இருந்த சாமானாம். பாலைப் புளிக்கவைத்து, துணியில் கட்டித் தூக்கி, தண்ணீர் வடிந்த கட்டியை உதிர்த்து, வெக்கையான இடத்தில் வைத்து, நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டுப் பழுக்கவிட வேண்டுமாம். நாறும். நாறத்தான் வேண்டும். மஞ்சளாகிக் கண்ணாடி மாதிரி வந்ததும் வெண்ணெயும் உப்பும் போட்டு, சீரகம் போன்ற ஒரு விதையும் தூவிக் காய்ச்சினால், நாற்றமெல்லாம் போய், ரொட்டியில் பூசுகிற பால்கட்டி ஆகிவிடுமாம். கலியாணம் கட்டின பிறகு அவள் அதை ஒரேயொரு முறைதான் செய்தாள். புருஷன் கென் ஆங்கிலேய வழி ஆள். அப்போதே கோப்பையோடு வெளியே கொண்டுபோய் எறிந்துவிட்டான். அறுபது வருடம் கழித்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, கடைப் பாலுக்கு மோர் விட்டுப் புளிக்கவைத்து, யாருக்கும் சொல்லாமல் செய்து வைத்திருக்கிறாள்.

"உனக்கெண்டுதான் செய்தனான். நான் சொன்ன சாப்பாட்டிலை நீ ஒண்டையும் தொடமாட்டாய். இதிலை இறைச்சி இல்லை, முட்டை இல்லை, வெறும் பால். காய்ச்சி முடிச்சுத் தட்டிலை வைச்சிட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தனான்."

யோகராணிக்கு அப்போதுதான் விளங்கிற்று. தோசை மாவைப் புளிக்கவைக்கிறவள், மோரைப் புளிக்கவைக்கிறவள், இன்னொருத்தி பொத்திப் பொத்திப் பழுக்கவைத்ததைக் குப்பை என்று தூக்கிப் போட்டிருக்கிறாள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாக்கு முந்திக்கொண்டது.

"நான் காணேல்லை, எர்னா."

அவ்வளவுதான், பிள்ளைகளே. சின்னப் பொய். சொல்லும்போது அது கடுகளவு.

அன்றிரவே எர்னா மகனுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாள். செவ்வாய்க்கிழமை கிறெக் வந்தான். அலமாரிக்குள் பாலை வைத்து ஒரு கிழமை நாறவிட்டேன், இப்போது காணவில்லை என்று தாய் சொல்லக் கேட்ட மகன் என்ன செய்வான்? வீடு முழுக்க மணந்து பார்த்தான். வெளுப்புத்திரவம் தவிர ஒரு வாசமும் இல்லை. குசினித் தட்டில் கோப்பை பளபள என்று கவிழ்ந்து கிடந்தது. தன் அறுபது வருட வாழ்க்கையில் அம்மா இப்படி ஒரு சாமான் செய்ததைத் தான் கண்டதே இல்லையே என்றான். மறுநாள் வேலைக்கு வந்த யோகராணியிடமும் கேட்டான். அவள் புதன்கிழமை அதே பொய்யை இரண்டாம்முறை சொன்னாள். இரண்டாம்முறை அது கடுகளவு இல்லை.

அரசாங்கப் பக்கத்திலிருந்து வந்து பார்த்து, தாய் தனியே இருக்கலாமா இல்லையா என்று முடிவு சொல்லச் சொல்லிக் கிறெக் எழுதிப் போட்டான்.

வீட்டில் யோகராணி சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். சிறி காரணம் கேட்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"இஞ்சாரும், உமக்கென்ன விசரே? செருப்புக் கதை ஒண்டு ஏற்கெனவே கிடக்கு. அந்த மனிசியை இண்டைக்கில்லாட்டி நாளைக்குக் கொண்டுபோய் விடத்தான் போகினம். நீர் வாயைத் திறந்தாலும் அது நடக்கும், திறக்காட்டிலும் நடக்கும். உம்மடை வேலை மட்டும்தான் போகும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மருந்துச் செலவும் வாடகையும் அவனுக்கும் தெரியும்தானே. யோகராணி வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் எர்னாவின் வாயும் மூடிக்கொண்டது. அதுதான் யோகராணியால் தாங்க ஏலாமல் போனது. யோகராணி வெங்காயம் வெட்டும்போது எர்னா கதிரையில் இருப்பாள், ஆனால் பேச மாட்டாள். அடுப்பை அணைத்தேனா என்று எழும்பிப் போய்ப் பார்ப்பாள். வந்து இருந்துவிட்டு மறுபடி போவாள். பல் துலக்கினேனா என்று யோகராணியிடம் கேட்டாள். ஒருநாள் யோகராணி வேண்டுமென்றே, அந்தப் பன்றி அடிக்கிற நாளில் பிறகு என்ன நடந்தது என்று தானாகவே கேட்டாள். மச்சம் தொடாதவள், அந்த இரத்தக் கதையைக் கெஞ்சிக் கேட்டாள்.

எர்னா கையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "அது நடந்ததோ தெரியாது, யோகா. நான் கலக்கினனோ, வேறை ஆரும் கலக்கிக் கதையாச் சொல்லக் கேட்டனோ. கோப்பையை வைச்சனான் எண்டும்தான் சத்தியம் பண்ணினன்."

அதோடு அந்தக் கேக்கும் போயிற்று, படுக்கையில் காய்ந்த நூடில்ஸும் போயிற்று, விறகடுப்பும் போயிற்று. ஒரு கோப்பையைத்தான் எறிந்தோம் என்று நினைத்தவள், ஒரு காணியையே மனிசியின் தலைக்குள்ளிருந்து வழித்தெடுத்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். வீடு போவது ஒரு பக்கம். அதற்கு முன்னமே எர்னா போய்க்கொண்டிருந்தாள்.

வந்து பார்க்கிற பெண் வந்தாள். பார்கவி என்று பெயர், தமிழ்நாட்டுப் பிள்ளை, பொயிண்ட் குக்கில் இருந்து அத்தனை தூரம் ஓட்டி வந்திருந்தாள். யோகராணியைக் கண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள், பிறகு வேலையில் இறங்கினாள். குசினி மேசையில் எர்னா, பக்கத்தில் கிறெக், எதிரே பார்கவி. யோகா இல்லாமல் தான் பேச மாட்டேன் என்று எர்னா சொன்னதால் யோகராணியும் நின்றாள், தேத்தண்ணி போடுகிற சாட்டில்.

இன்றைக்கு என்ன கிழமை, பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்று பார்கவி கேட்டாள். எர்னா எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். பார்கவி கிறெக்கைப் பார்த்தாள், ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்பதுபோல. கிறெக் தாயை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லக் கூசி ஜன்னல் பக்கம் திரும்பினான். எர்னாதான் சொன்னாள். நேர்மையான மனிசி. பொய் சொல்லி வீட்டைக் காப்பாற்றத் தெரியாது.

"எனக்கு ஒரு குழப்பம் வந்தது. செய்யாத ஒண்டைச் செய்ததெண்டு நினைச்சன். அந்த நாத்தமும் கையிலை இருந்தது, கிளறினதும் தெரியும். ஆனா ஒண்டும் இருக்கேல்லை. இனி இந்த அடுப்போடை என்னைத் தனிய விடுறது சரியில்லை எண்டுதான் நானும் நினைக்கிறன்."

பார்கவி பேனையை எடுத்தாள்.

யோகராணி கேத்திலைக் கீழே வைத்தாள். "இருந்தது," என்றாள். "நான்தான் எறிஞ்சனான்."

மூன்று தலையும் திரும்பின. அவள் நின்ற இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளிக்கிழமை, நாற்றம், இரண்டு பை, லொறி, வெளுப்புத்திரவம். கிறெக்கிடம் இருந்து மறைக்கத்தான் எறிந்தேன் என்றும் சொன்னாள். திங்கள் ஒரு முறையும் புதன் ஒரு முறையும் பொய் சொன்னேன் என்றும் சொன்னாள். ஆங்கிலம் அவளுக்குத் திக்கும், அன்றைக்குத் திக்கவில்லை.

கிறெக்கின் முகம் சிவந்து போயிற்று. அவன் சத்தம் போடவில்லை. என் அம்மாவுக்கு மூளை போய்விட்டது என்று நான் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டேனே என்று மட்டும் சொன்னான். அது யோகராணியைப் பார்த்துச் சொன்னதா, தனக்கே சொன்னதா என்று தெரியவில்லை.

எர்னா வேறு ஒன்று கேட்டாள். "என்ன நிறமா இருந்தது?"

"மஞ்சள்."

"ஓரம்?"

"ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்கினது."

"அப்ப அண்டைக்கே காய்ச்சியிருக்கலாம்," என்றாள் எர்னா. பிறகு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாளா கோபத்தில் அழுதாளா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கண்ணால்தான் வரும்.

யோகராணி கிட்டப் போய்க் கையைப் பிடித்தாள். எர்னா கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"எறிஞ்சதுக்கு நான் கோவிக்கேல்லை. என்ரை அவரும் எறிஞ்சவர்தான், ஆனா எறிஞ்சனான் எண்டு சொன்னவர். நீ ஒவ்வொரு நாளும் வந்து, நான் அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டனீ. இண்டைக்கு நீ சொல்லாட்டி நான் இந்த வீட்டிலை இல்லை, அது எனக்கு விளங்குது. ஆனா உன்ரை முகத்தை இப்ப எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு. நீ போ, யோகா."

யோகராணி ஏப்ரனைக் கழற்றி மடித்துவிட்டுப் பின்வாசலால் வெளியே வந்தாள். பார்கவி பின்னால் வந்தாள். தமிழில் பேசினாள்.

"அக்கா, நான் இதை எழுதித்தான் ஆகணும். உங்க ஆஃபீசுக்கும் போகும். அவங்க வீட்டுலயே இருக்கலாம்னும் எழுதுவேன், நீங்களா வந்து சொன்னீங்கன்னும் எழுதுவேன். ஆனா பொய் சொன்னதை விட்டுட்டு எழுத முடியாது."

"எழுதுங்கோ பிள்ளை. உள்ளதை எழுதுங்கோ."

பார்கவி உள்ளே போய்விட்டாள். யோகராணி பின்வாசல் படியில் குந்திச் சப்பாத்தை மாட்டினாள். விரல் விறைத்துப்போய் நாடா முடிச்சு விழவில்லை. குசினி ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு கிறெக்கின் குரல், சின்னப் பிள்ளை கேட்பதுபோல, அது என்ன பால்கட்டி அம்மா, எனக்கு ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டது. எர்னா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, உன் அப்பா மூக்கைப் பொத்தினால் நீயும் பொத்துவாய் என்றுதான் என்றாள். பிறகு, பள்ளிக்கூடத்துப் பற்றைக் கதை. பிறகு, அவள் தாயின் குசினி. கிறெக் இடையில் ஏதோ பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும், எர்னா எரிச்சலோடு திருத்தினாள்: பாலைக் கொதிக்க வைக்கிறதில்லை, சூடுகாட்டுறது. அந்தக் குரலில் சந்தேகம் இல்லை.

யோகராணி எழும்பிப் போயிருக்கலாம். முடிச்சு விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்தாள். அந்தக் கதைகளை இதுவரை கேட்டவள் அவள் ஒருத்திதான்; இனி அவளுக்கு அங்கே இடமில்லை. எர்னா படுக்கையில் காய்ந்த நூடில்ஸுக்கு வந்தபோது பார்கவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்போதுதான் எழும்பிக் காருக்குப் போனாள்.

வேலை போகவில்லை, அந்த வீடுதான் போனது. சில மாதம் ஆட்களைத் தொடுகிற வேலை கொடுக்காமல், கந்தோரில் உறை ஒட்டவிட்டார்கள். சிறி கோவிக்கவில்லை. அவள் உண்மையைச் சொல்லிவிட்டு வந்த அன்றிரவு, பிடித்த முதுகோடு எழும்பி அவளுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான், அதில் சீனி போட மறந்துபோனான். எர்னா இன்னமும் த பேசினில் அதே வீட்டில்தான் இருக்கிறாளாம். பாலைத் திரும்பப் புளிக்க வைத்தாளா என்று யோகராணிக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது அந்த வீதியால் திரும்பாமல், சுற்றுப் பாதையால் போகிறாள்.

சரி பிள்ளைகளே, எழும்புங்கள், நேரம் போகிறது. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். புளிக்க வேண்டியது புளித்து, பழுக்க வேண்டியது பழுத்து, எறிய முன் ஒரு வார்த்தை கேட்கிற மருமக்களும் பிள்ளைகளும் உங்கள் குசினியில் நிறையட்டும். உங்கள் வீட்டில் வயது போனவர்கள், தங்கள் கையால் செய்ததைச் செய்தோமா என்று தங்களையே கேட்கிற நாள் ஒருநாளும் வராமல், எல்லாரும் நல்லாயிருங்கள்.